பிள்ளையின் மலச்சிக்கல் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சின்னப் பிள்ளைகளின் மலச்சிக்கலுக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கிற சிரப்பை, மலம் ஒழுங்காகப் போகத் தொடங்கிய உடனேயே நிறுத்திவிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தாதி. உவர்மலையில் அக்கம்பக்கத்துத் தாய்மாரும், சில நேரம் நிலாவெளி, கிண்ணியா பக்கமிருந்து தெரிந்தவர்களும் இப்போதும் போன் எடுத்துக் கேட்பார்கள்: “மிஸ், பிள்ளைக்கு கக்கா போகேக்குள்ள இரத்தம் வருது, என்ன செய்யிறது?” கொஞ்சம் விசாரித்தால் கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதலில் ஒருமுறை மலம் இறுகியது, மருந்து கொடுத்தார்கள், நல்லாப் போனது, நிறுத்தியாச்சு, திரும்ப இறுகி இப்போது இரத்தம்.

நிறுத்துவதற்குச் சொல்லும் காரணமும் எல்லோரிடமும் ஒன்றே. கனநாள் குடித்தால் பழகிவிடும், பிறகு மருந்தில்லாமல் வயிறு வேலைசெய்யாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இங்கே பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது லக்டியூலோஸ். அது குடலைத் தூண்டி விரட்டுகிற மருந்து கிடையாது. சிறுகுடலில் சமிபாடு அடையாத ஒரு வகைச் சீனி அது. பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுத்துப் பிடித்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். மக்ரோகோல் என்ற தூளும் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மருந்துதான், பல நாடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது இப்போது அதைத்தான். இரண்டுக்கும் குடல் அடிமையாவதில்லை. லக்டியூலோஸ் தொடங்கின புதிதில் வயிறு ஊதின மாதிரி இருக்கலாம், காற்றுப் பிரியலாம், அது போகப் போகக் குறைந்துவிடும். அப்புறம், அது கொடுத்த அன்றே வேலைசெய்யாது, ஒன்றிரண்டு நாள் எடுக்கும். காலையில் கொடுத்துப் பின்னேரம் போகவில்லை என்று அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

இந்த மருந்து ஏன் மாதக்கணக்கில் வேண்டும் என்பது விளங்க, பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைகளின் மலச்சிக்கலில் 100க்கு 90க்கும் மேல் பின்னால் வேறு எந்த நோயும் கிடையாது. ஏதோ ஒரு நாள் மலம் இறுகிப் போகிறது. காய்ச்சலில் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்திருக்கலாம், கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் வேர்த்துக் கொட்டியும் தண்ணீர் நினைவில்லாமல் விளையாடியிருக்கலாம், தாய்ப்பாலிலிருந்து பால்மாவுக்கு மாறியிருக்கலாம், முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கலாம். அந்த இறுகின மலம் வெளியே வரும்போது நோகிறது. இரண்டு வயதுப் பிள்ளை அதோடு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது, இனிப் போகமாட்டேன் என்று. உணர்வு வந்ததும் இரண்டு காலையும் ஒட்டிப் பிடிக்கும், பெருவிரலில் எம்பி நிற்கும், கதவுக்குப் பின்னால் ஒளியும், கதிரையைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து விறைத்து நிற்கும். பார்க்கிற எங்களுக்குப் பிள்ளை முக்குகிறது, பாவம் வருகுதில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் பிள்ளை தன் முழுப் பலத்தையும் போட்டு அடக்குகிறது. அடக்க அடக்க, உள்ளே நிற்கிற மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இன்னும் பெரிதாகும், இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் கூட நோகும், அந்த நோவுக்குப் பயந்து பிள்ளை இன்னும் கூட அடக்கும். இப்படிக் கனநாள் போனால் மலக்குடல் விரிந்து, நிரம்பியிருக்கிறது என்ற உணர்வே பிள்ளைக்குக் குறைந்துபோகும்.

விரிந்த குடல் பழைய அளவுக்கு வரவேண்டும், இனி நோகாது என்று பிள்ளைக்கு நம்பிக்கையும் வரவேண்டும். இரண்டுக்கும் காலம் எடுக்கும். ஒரு கிழமை நல்லாப் போனது என்றால் மருந்து வேலைசெய்கிறது என்று அர்த்தம், குடல் குணமாகிவிட்டது என்று எடுக்கக்கூடாது. 2014இல் வெளியான சர்வதேசக் குழந்தை மருத்துவ வழிகாட்டல் சொல்வது குறைந்தது 2 மாதம்; அதிலும் எல்லாத் தொந்தரவும் நின்று 1 மாதமாவது ஆன பிறகுதான் குறைக்கத் தொடங்கலாம், அதுவும் சடுதியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பல பிள்ளைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட எடுக்கும், அதைப் பார்த்து மனம் சோரவேண்டாம். மலம் தண்ணீராகப் போனால் வைத்தியரிடம் கேட்டு அளவைக் குறைக்கலாம். ஏற்கெனவே உள்ளே கட்டிப்பட்டு நிற்கிற பிள்ளைக்கு முதல் சில நாள் கூடின அளவு கொடுத்து அதை வெளியேற்ற வேண்டியிருக்கும். அது நிறையைப் பார்த்து வைத்தியர் முடிவுசெய்ய வேண்டிய விஷயம்.

இனி இரத்தம். அதைக் கண்டதும் வீடே கலங்கிவிடுகிறது, மூலம் வந்துவிட்டது என்கிறார்கள், சூடு என்று சொல்லி இளநீரும் வெந்தயமுமாகக் கொடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூலம் வருவது மிக அரிது. பெரிய, இறுகின மலம் வெளியேறும்போது ஆசனவாயின் ஓரத் தோல் சின்னதாகக் கிழிகிறது. வருகிற இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும், மலத்தின் மேல் கோடு போல ஒட்டியிருக்கும், அல்லது கழுவும்போது ஒன்றிரண்டு துளி தெரியும். மலத்தோடு கலந்து இருக்காது. பிள்ளை போகும்போது அழும், போன பிறகும் கொஞ்ச நேரம் நோவு இருக்கும். கிழிசல் சின்னதுதான், மலம் இளகியே இருந்தால் சில நாளில், கூடிப்போனால் ஒன்றிரண்டு கிழமையில் தானாகவே ஆறிவிடும். திரும்ப ஒரு இறுகின மலம் போனால் அதே இடம் திரும்பக் கிழியும். அதனால்தான் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், இரத்தத்துக்கும் மருந்து அந்தச் சிரப்தான். அதோடு, போன பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர் உள்ள பேசினில் பத்து நிமிடம் பிள்ளையை இருத்தலாம், மெதுவாக ஒற்றித் துடைத்து வசலின் கொஞ்சம் பூசலாம். சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டாம், வாசனை போட்ட ஈரத் துடைப்பான்களும் வேண்டாம், எரியும். பெரியவர்களின் மூலத்துக்கு வாங்கி வைத்த களிம்பைப் பிள்ளைக்குப் பூசவே கூடாது.

முதல் தடவை இரத்தம் கண்டால் எப்படியும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். கிழிசல் தெரிகிறதா என்று அவர் வெளியிலிருந்தே பார்ப்பார், பெரும்பாலும் வேறு சோதனை தேவைப்படாது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவந்து இருப்பதும், இரும்புச்சத்துச் சிரப் குடிக்கிற பிள்ளைக்குக் கறுத்து இருப்பதும் இரத்தம் இல்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

சவர்க்காரத் துண்டைச் சீவி உள்ளே வைப்பது, வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைப்பது, மாதம் ஒருமுறை பேதிக்கு விளக்கெண்ணெய் பருக்குவது. இவை இன்னமும் நடக்கின்றன. அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் பிள்ளை படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல்தான் செய்கிறார்கள், அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் சவர்க்காரம் மெல்லிய உட்தோலைப் புண்ணாக்கும். காம்பு ஏற்கெனவே கிழிந்த இடத்தைக் கிளறும். எல்லாவற்றையும்விட, ஆசனவாய் என்றாலே பயம் என்று இருக்கிற பிள்ளையைப் பிடித்து அமத்தி அங்கே எதையாவது செலுத்தினால் அந்தப் பயம் இரண்டு மடங்காகும், பிறகு அது இன்னும் பலமாக அடக்கும். விளக்கெண்ணெய் ஒரு நாள் அடித்துக் கழுவிவிட்டு அடுத்த நாள் திரும்ப இறுக விடும். வாயால் கொடுக்கிற மருந்தே நல்லது. தேன் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் தொட்டும் வைக்கக்கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை சின்னக் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இதை எழுதும்போது எனக்கு மிகவும் மனம் நோகிற விஷயம், காற்சட்டையை அழுக்காக்குவதற்காக அடி வாங்குகிற பிள்ளைகள். நாலு, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகள். உள்ளே பெரிய மலக்கட்டி அடைத்து நிற்க, அதைச் சுற்றி மேலிருந்து வருகிற இளகின மலம் தெரியாமல் கசிந்து உள்ளாடையில் படும். தாய் அதை வயிற்றோட்டம் என்று நினைத்து இருக்கிற மருந்தையும் நிறுத்துவாள், அல்லது வேண்டுமென்று செய்கிறான், சோம்பல், இவ்வளவு வயதாகியும் வெட்கமில்லை என்று பேச்சு விழும். வகுப்பில் மணக்கிறது என்று பக்கத்துப் பிள்ளை எழும்பிப் போய்விடும். அந்தப் பிள்ளைக்குக் கசிவது தெரியவே தெரியாது, ஏனென்றால் விரிந்த குடலில் உணர்வு இல்லை. நோய்க்கு அடிக்கிறோம் என்று ஒரு தாய்க்கு விளங்கின அன்று அவள் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து, விளையாட்டுப் பருவத்துப் பிள்ளை உள்ளாடையை அடிக்கடி அழுக்காக்கினால் தடியை எடுக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, எங்கள் ஊரில் எல்லாம் இருக்கிறது. பப்பாசி, நன்றாகப் பழுத்த வாழைப்பழம், கொய்யா, முருங்கையிலை, பசளி, பயறு, கௌபி, சிவப்பரிசிமா இடியப்பம், குரக்கன் புட்டு. கடற்கரையில் பின்னேரம் விற்கிற கடலைச் சுண்டல் பொரித்த சாமான்களைவிட நல்லதுதான், சின்னதுகளுக்கு மசித்துக் கொடுங்கள். காயாக இருக்கிற வாழைப்பழம் இறுக்கும். ஆனால் ஒன்று, கட்டிப்பட்டு நிற்கிற பிள்ளைக்கு இலையும் பழமும் மட்டும் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம், சாப்பாடு பிறகு திரும்ப வராமல் பார்க்க உதவும். தண்ணீரும் அப்படித்தான், தாகத்துக்கு வேண்டிய அளவு குடிக்கவேண்டும், குடம் குடமாகப் பருக்கி மலச்சிக்கல் மாறாது.

பால் போத்தல்தான் உண்மையான பிரச்சினை. மூன்று வயதுப் பிள்ளை காலையில் ஒரு போத்தல், பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் நித்திரைக்கு ஒன்று, இரவில் இரண்டு என்று பால்மா குடித்தால் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? நாளுக்கு 500 மில்லிலீட்டருக்கு மேல் பால் போகிற பிள்ளைக்கு மலமும் இறுகலாம், இரும்புச்சத்தும் குறைந்து சோகை வரலாம். சாப்பிடுகிறானில்லை, பாலாவது குடிக்கட்டும் என்று கொடுக்கிற பால்தான் அவனைச் சாப்பிட விடாமல் வைத்திருக்கிறது. முதலில் இரவுப் போத்தலைக் குறையுங்கள், பிறகு போத்தலையே நிறுத்திக் கோப்பைக்கு மாற்றுங்கள். மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் மாறாத சில பிள்ளைகளுக்குப் பசுப்பால் ஒவ்வாமைகூடக் காரணமாக இருக்கலாம், அதை வைத்தியர் சொல்லி இரண்டு முதல் நாலு கிழமை பாலை நிறுத்திப் பார்ப்பார்கள், நீங்களாகச் செய்யவேண்டாம்.

சாப்பிட்டதும் குடல் அசையும், அது எல்லோருக்கும் உள்ள இயல்பு. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து அல்லது பத்து நிமிடம் மலசலகூடத்தில் இருக்கப் பழக்கவேண்டும். காலையில் ஆறரைக்கு வான் வந்து ஹோர்ன் அடிக்கிற வீட்டில் அது நடக்காது, நடக்காததை நினைத்துச் சண்டை பிடிக்காமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குந்தி இருக்கிற மலசலகூடம் என்றால் நல்லது, பிள்ளை விழுந்துவிடுவோமோ என்று பயந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொமட் என்றால் கால் தொங்கக்கூடாது, காலுக்குக் கீழே சின்னப் பலகையோ கவிழ்த்த வாளியோ வைத்து முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர இருக்கும்படி பாருங்கள். போனால் மெச்சுங்கள். போகாவிட்டாலும் இருந்ததற்கு மெச்சுங்கள். இன்னும் கக்கா சொல்லத் தெரியாத ஒன்றரை வயதுப் பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளை பழகிவிட்டது என்று கட்டாயப்படுத்தி இருத்தினால் அங்கேயே அடக்கும் பழக்கம் தொடங்கும். அப்படித் தொடங்கிவிட்டால் பழக்குவதைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்து, நாப்கினிலேயே போக விடுங்கள், முதலில் நோகாமல் போகட்டும்.

கைக்குழந்தைகளின் கதை வேறு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு மாதம் தாண்டினபிறகு ஒரு கிழமை போகாமல் இருந்தாலும், பிறகு போகும்போது மெத்தென்று போனால், பால் குடித்து நிறை ஏறினால், அது மலச்சிக்கல் கிடையாது. பத்து நிமிடம் முக்கி முகம் சிவந்து அழுது கடைசியில் இளகின மலம் போகிற மூன்று மாதக் குழந்தைக்கும் மருந்து வேண்டாம், தசைகளை எப்படிச் சேர்த்து வேலைசெய்விப்பது என்று அது பழகுகிறது, வெற்றிலைக் காம்பை எடுக்காதீர்கள்.

ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாதவை இருக்கின்றன, இதைத் தயவுசெய்து சுருக்காமல் பிரசுரியுங்கள். பிறந்து 48 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் முதல் கறுப்பு மலம் போன குழந்தை, அல்லது பிறந்த முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கின குழந்தை, குடல் நரம்புகள் உருவாகாத பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கப்படவேண்டும். வயிறு ஊதி, பச்சை நிறத்தில் சத்தி எடுத்தால் உடனே வைத்தியசாலை. நல்லா இருந்த பிள்ளை திடீரென்று விட்டுவிட்டு வீரிட்டு அழுது, காலை மடக்கி, இடையில் சோர்ந்து வெளிறி, சத்தி எடுத்து, பிறகு இரத்தமும் சளியும் கலந்து போனால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம், அது மணித்தியாலக் கணக்கில் பார்க்கவேண்டிய அவசரம், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. நோவே இல்லாமல் நிறைய இரத்தம் போனாலும், மலம் கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தாலும் அப்படியே. காய்ச்சலோடு இரத்தம் கலந்த வயிற்றோட்டம் என்றால் அது வயிற்றுளைவு, அன்றைக்கே காட்டுங்கள். நிறை ஏறாத பிள்ளை, காலில் பலம் குறைகிற பிள்ளை, முதுகெலும்பின் அடிப்பகுதியில் குழியோ மயிர்க் கொத்தோ உள்ள பிள்ளை, இவர்களின் மலச்சிக்கலையும் சாதாரணமாக எடுக்காதீர்கள். இரவில் வாகனம் இல்லை என்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான்.

கடைசியாகப் பாடசாலை. வீட்டில் எல்லாம் சரியாகச் செய்தும் தவணை தொடங்கினால் திரும்ப அடக்கத் தொடங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை ஏழரை முதல் ஒன்றரை வரை போகாமல் இருக்கிறார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. கேட்டால் சொல்வார்கள், தண்ணீர் வராது, உள்ளே தாழ்ப்பாள் இல்லை, பெரிய அண்ணாமார் கதவைத் தள்ளுவார்கள், மணக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் மலசலகூடத்தைப் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். ஏழு வயதுப் பெண்பிள்ளை பெரியவர்கள் நிற்கிற இடத்துக்குப் போய்த் திறப்புக் கேட்குமா? பேராசிரியர் ஷமான் ராஜிந்திரஜித்தும் அவரோடு சேர்ந்தவர்களும் இலங்கையின் 10 முதல் 16 வயதுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 15 வீதமானவர்களுக்கு மலச்சிக்கல் இருந்தது, போர் பாதித்த பகுதியில் வாழ்ந்த பிள்ளைகளிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முன்பள்ளி ஆசிரியைமாரிடமும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களிடமும் நான் கேட்பது, பிள்ளை போகவேண்டும் என்று கை தூக்கினால் இடைவேளை வரை பொறு என்று சொல்லாமல் அப்போதே விடுங்கள். அந்த உணர்வு அடக்கினால் போய்விடும், திரும்ப எப்போது வரும் என்று சொல்லமுடியாது. உங்களிடம் ஆசிரியரே, ஒரு வேண்டுகோள்: மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், பட்டணம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சில பாடசாலைகளுக்கு உங்கள் நிருபரை அனுப்பி, குழாயில் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதிபர்மாரும் வலயக் கல்வி அலுவலகங்களும் அதைப் பார்த்தாவது வரும் தவணைக்கு முன் ஏதாவது செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.